பந்து விளங்காத மனேச்சர்

எங்கள் உதைபந்தாட்டக் கழகத்துக்குப் புது மனேச்சரைத் தெரிவு செய்த கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. நான் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பூப்போட்ட திரைச்சீலைதான். ஆகவே யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது எனக்கு ஒன்று விடாமல் கேட்டது.

அது ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம். வீட்டு வேலை செய்கிற எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்களுக்கு இத்தாலியின் பலெர்மோவில் வியாழன் பின்னேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் ஓய்வு. வியாழன் பின்னேரமானால் ஸ்தாசியோனே சென்ட்ராலே பக்கம் முழுக்கத் தமிழ்தான் கேட்கும். எங்கள் வீடு அந்த ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரு காலத்தில் கழுதை கட்டிய இடம் என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். அறை பெரிது. அதனால் கழகக் கூட்டம், செபமாலை, சரஸ்வதி பூசை, பிறந்தநாள் எல்லாமே எங்கள் தலையில்தான் விழும்.

வந்தவர்கள் கட்டிலிலும் வாங்கிலும் நிலத்திலுமாக இருந்தார்கள். என் கணவர் யோகன் மட்டும் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். தானே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலைக்கு எண்ணெய் வேறு. இந்தக் கோலத்தில் அவரை அதற்கு முன் எங்கள் கலியாணத்தன்றுதான் பார்த்திருக்கிறேன்.

"மனேச்சருக்கு என்ரை பேரையும் சொல்லுவினம் போலை கிடக்கு" என்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். "சொன்னால் நான் மறுக்கப்போறேல்லை."

மறுக்கப்போகிறாராம்! பழைய மனேச்சர் போகிறார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மனிதர் நித்திரையில்கூட ஆட்களை மாற்றி மாற்றி இறக்கிக்கொண்டிருந்தார். "சேவியர், விடு, விடு!" என்று அவர் உதைத்த உதையில் நான் கட்டிலிலிருந்து விழாதது மாதாவின் புண்ணியம்.

பேரின்பம் அண்ணையின் பண்டிகைகள்

போன வாரம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக்காக க்வெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலக வாசலில் வரிசையில் நின்ற கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அக்கா, அழுகிற கதையே எழுதுறியள், ஒரு சிரிப்புக் கதையும் எழுதுங்கோவன்" என்று கேட்டார். இது சிரிப்புக் கதையா இல்லையா என்று கடைசியில் அவர்தான் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளில் இத்தாலியில் எங்கள் ஆட்கள் பத்துப் பேர் சேர்ந்த ஊரெல்லாம் ஒரு கழகம் இருந்தது. கோடை தொடங்கும்போது ஒரு சுற்றுப்போட்டி நடக்கும். எங்கள் பலெர்மோ அணி ஒருமுறைகூட முதல் ஆட்டத்தைத் தாண்டியதில்லை. பெடியளுக்குத் திறமை இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முழு அணியையும் மைதானத்துக்குக் கொண்டுவருவதுதான் முடியாத காரியம்.

பலெர்மோவில் ஞாயிறு மத்தியானச் சாப்பாடு ஒரு குட்டித் திருவிழா. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், எங்கோ கிடந்த சித்தப்பா எல்லாரும் வந்து சேர்வார்கள். ஞாயிறு ஓய்வு நாள் என்று சட்டம் சொல்கிறது. வீட்டு எசமானி, அதாவது சினியோராவும் அதை மறுக்கமாட்டார். "மேசையை மட்டும் ஒதுக்கி வைத்துவிட்டுப் போ, கண்ணே" என்பார். மேசை ஒதுங்கி முடிய, மாதா கோயிலில் மாலைப் பூசைக்கு மணி அடித்துவிடும்.

இதற்குப் பழைய மனேச்சர் பேரின்பம் அண்ணை கண்டுபிடித்த வழி, கடவுளைத் துணைக்கு இழுப்பது. போட்டி வருகிற ஞாயிறெல்லாம் எங்களுக்குப் பண்டிகை என்று சினியோராமாருக்கு டெலிபோனில் சொல்லிவிடுவார். அது கொஞ்சக் காலம் நன்றாகவே ஓடியது. பிறகு ஒரு சினியோரா, "எங்கள் புனிதர்களைவிட உங்கள் கடவுள்களுக்குத் திருநாள் அதிகமாக இருக்கிறதே" என்று சந்தேகப்பட்டார். இன்னொரு சினியோரா, பண்டிகை பார்க்கத் தானும் குடும்பத்தோடு வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அன்று அண்ணை மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"பிள்ளை றெஜினா, நீ ஒருக்கால் கதை. எனக்கு இனி கடவுள் கைவசம் இல்லை."

அப்படித்தான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். அண்ணைக்கு மச்சான் ஒருவர் வடக்கே தொழிற்சாலையில் வேலை எடுத்துக் கொடுத்து அவர் பலெர்மோவை விட்டுப் போகும்வரை, டெலிபோன் என் காதில்தான் இருந்தது. மனேச்சர் என்ற பெயர் அவரிடம் இருந்தது.

குசினிக்குள் ஓர் அணி

நான் பொலிதேயாமா பக்கத்தில் சினியோரா லிவியா வீட்டில் வேலை செய்தேன். பின்னேரங்களில் அவருடைய சிநேகிதிகள் கோப்பி குடிக்க வருவார்கள். கோப்பி ஊற்றுகிறவளுக்குக் காது கேட்காது என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்தப் பேச்செல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று விளங்கியது. வேலைக்காரன் எங்கே போகிறான் என்பது சினியோராவுக்கு ஒரு பொருட்டே இல்லை. அழுக்குத் தட்டுகளோடு தான் தனித்து நிற்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

ஆகவே நான் பொய் சொல்வதை விட்டேன். "சினியோரா, ஞாயிற்றுக்கிழமை அன்ரன் வரமாட்டான். அவனுக்குப் பந்து விளையாட்டு இருக்கிறது. அவன் இடத்துக்கு நல்ல பிள்ளை ஒருத்தியை அனுப்புகிறேன். வெள்ளிக் கரண்டிகளை ஒவ்வொன்றாகக் கையால்தான் கழுவுவாள்" என்பேன். வெள்ளிக் கரண்டி என்றதும் மறுமுனையில் குரல் இளகிவிடும்.

இதற்குப் பெரிய ஆயத்தம் வேண்டும். மைதானத்தில் ஒருவன் ஓட வேண்டுமென்றால் நகரத்தில் ஒரு குசினியில் அவனுடைய அக்காவோ மனைவியோ மச்சாளோ நிற்க வேண்டும். யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்பதிலும் கவனம் தேவை. நாய்க்குப் பயந்தவளை நாய் உள்ள வீட்டுக்கு விட முடியாது. வாய்க்கு வாய் பதில் சொல்கிறவளைக் கிழட்டு சினியோரா வீட்டுக்கு விட்டால் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் திட்டுவார்கள். வெள்ளி இரவே எல்லாரையும் கேட்டு, சனிக்கிழமை ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தியைக் கெஞ்சி, இப்படியே போகும்.

இதை மனேச்சர் வேலை என்று எவரும் சொல்லவில்லை. எனக்கும் அப்படித் தோன்றவில்லை. பெடியள் நல்லாய் இருக்கட்டும் என்று செய்தேன், அவ்வளவுதான்.

தோய்க்காத ஜேர்சி

என் கணவர் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். அங்கே பிள்ளை நடக்கப் பழகும்போதே பந்து காலுக்கு வந்துவிடும் என்பார். இவர் காலுக்கும் வந்தது, ஆனால் தங்கவில்லை. பள்ளிக்கூட அணியில் இருந்த காலம் முழுவதும் அவர் றிசேர்வ். அதாவது, யாராவது விழுந்தால் இறங்குவதற்காக வாங்கில் காத்திருக்கிற ஆள். அவர் காத்திருந்த காலத்தில் யாரும் விழவில்லை. மட்ச் முடிந்து வந்து ஜேர்சியைக் கழற்றிக் கொடுத்தால், தாய் அதை மணந்து பார்த்துவிட்டுத் தோய்க்காமலே மடித்து வைப்பாராம்.

இதை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார். நானும் சிரிப்பேன்.

பலெர்மோவிலும் பேரின்பம் அண்ணை அவரை வாங்கிலேயே வைத்திருந்தார். குற்றம் சொல்ல முடியாது. வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, முழங்காலும் சரியில்லை. ஆனால் வெளியே இருந்து பார்த்துப் பார்த்தே அவருக்கு விளையாட்டு அத்துப்படியாகிவிட்டது. பந்து எங்கே போகும் என்பதைப் பந்துக்கு முன்னமே சொல்வார். அவர் ஒரு நல்ல மனேச்சராக வருவார் என்பதில் பந்து விளங்காத எனக்கே சந்தேகம் இருக்கவில்லை.

அவருக்கு இருந்த ஒரே குறை டெலிபோன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையில் தட்டுக் கழுவினார். அங்கே பத்ரோனே, அதாவது முதலாளி, பேசுவது சிசிலிப் பாஷை, அதுவும் கத்தித்தான் பேசுவார். அதனால் இவருடைய இத்தாலியன் "சுபித்தோ, பத்ரோனே", உடனே முதலாளி, என்பதோடு நின்றுவிட்டது. வீட்டில் டெலிபோன் அடித்தால் இவருக்கு உடனே கக்கூசுக்குப் போக வேண்டும்.

இந்த மனிதர் வாழ்க்கையில் பெரிதாக எதற்கும் ஆசைப்பட்டவர் அல்லர். முதலில் என்னை ஆசைப்பட்டார். நான் மன்னார், வேதக்காரி, அதாவது கத்தோலிக்கம். இவர் சைவம். இரண்டு வீட்டிலும் நடந்த களேபரத்தை இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவர் மனதார ஆசைப்பட்டது இந்த மனேச்சர் பதவிக்குத்தான். அது கிடைக்க வேண்டும் என்று நானும் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்திருந்தேன். வடமராட்சிப் பிள்ளையாருக்கும் அறிவித்திருந்தேன், பிறகு மனத்தாங்கல் வரக் கூடாது என்று.

யாருடைய பிள்ளை?

இனிக் கூட்டத்துக்கு வருவோம். தலைவர் ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். பலெர்மோவில் ஒரு சினியோராவின் நாய்களை உலாவக் கூட்டிக்கொண்டு போகிற வேலை. எல்லாருக்கும் அவர் மாஸ்ரர்தான். அறையில் ஒரு பக்கம் யாழ்ப்பாணச் சைவக்காரர், மறுபக்கம் மன்னார் வேதக்காரர். அவர் தொண்டையைச் செருமியதும் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஒருவர் என் கணவருடைய பெயரை முன்மொழிந்தார்.

உடனே மன்னார்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அப்ப வடமராட்சிப் பெடியள் மட்டும்தான் விளையாடுவினம் எண்டு சொல்லுங்கோ."

மன்னார்க்காரர் மரியதாஸ் அண்ணையை முன்மொழிந்தார்கள். அண்ணை ஊரில் பேர்போன பின்வரிசை ஆட்டக்காரர். இப்போது வயிறு வண்டி வைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"மரியதாஸ் அண்ணை நல்ல மனிசன்" என்றது யாழ்ப்பாணப் பக்கம். "ஆனால் தொடங்கேக்கை ஒரு செபம், முடியேக்கை ஒரு செபம். நாங்கள் பந்து எப்ப அடிக்கிறது?"

"மைதானம் எங்கடை மாதா கோயில் சுவாமியார் தந்தது, ஞாபகம் இருக்கட்டும்."

"அப்ப மைதானத்தை நீங்களே வைச்சிருங்கோ. பந்து எங்கடை."

நான் திரைக்குப் பின்னால் வடையைத் தட்டுவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் பகிடிக்குச் சொல்லவில்லை. இன்னும் நாலு வார்த்தை போனால் கழகம் இரண்டாகிவிடும். ஏற்கெனவே வேறு ஊர்களில் அப்படி ஆகியிருந்தது. என் கணவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை முதுகில் நனைந்துவிட்டது.

அப்போது டெலிபோன் அடித்தது.

அது முன்னறை மூலையில் இருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். நான் மாவுக் கையோடு வந்து எடுத்தேன். எங்கள் கோல் கீப்பர் அன்ரனின் சினியோரா. திடீரென்று விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம், அன்ரன் உடனே வர வேண்டுமாம். வியாழன் பின்னேரம் அவனுடைய நேரம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அவருடைய தாயாரின் முழங்கால் வலி எப்படி என்று கேட்டேன். பிறகு, "அன்ரன் இப்போதே வருவான், சினியோரா. அதற்குப் பதிலாகச் சுற்றுப்போட்டி நடக்கிற ஞாயிறு முழு நாளும் அவன் எனக்கு வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கும் வரமாட்டான்" என்றேன். கொஞ்சம் இழுபறிப்பட்டார். எங்கள் அணிப் பெடியன் ரொபினின் அக்காவை அனுப்புவதாகச் சொன்னேன். வெள்ளிக் கரண்டியும் வந்தது. சரி என்றார்.

டெலிபோனை வைத்துவிட்டு, "அன்ரன், வெளிக்கிடு" என்றேன்.

அவன் இரண்டு வடையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினான். "என்ன செய்யிறது, மனேச்சர் சொன்னால் போகத்தானே வேணும்" என்றான். அவன் பகிடிக்குத்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள்.

மரியதாஸ் அண்ணை சிரிக்கவில்லை. "அவன் சொன்னதிலை என்ன பிழை? றெஜினாவையே போடுவம். அவ எங்கடை பிள்ளை."

யாழ்ப்பாணப் பக்கம் துள்ளி எழும்பியது. "உங்கடை பிள்ளையோ? கலியாணம் முடிச்ச அண்டையிலை இருந்து அவ எங்கடை மருமகள்!"

"பிறந்தது எங்கடை ஊரிலை."

"வாழுறது எங்கடை பெடியனோடை."

இப்படி என்னை இழுத்து இழுத்து, கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே ஆளைத்தான் கேட்கிறார்கள் என்பதை மாஸ்ரர்தான் முதலில் கண்டுபிடித்தார். கணக்கு வாத்தியார் அல்லவா. "அப்ப ஏகமனதாய் எண்டு எழுதட்டோ?" என்றார். மன்னார்க்காரருக்குத் தங்கள் பிள்ளை வந்த சந்தோஷம். யாழ்ப்பாணக்காரருக்கு வேறு கணக்கு. "பேர் அவவுக்கு, வேலை யோகனுக்கு" என்று ஒருவர் மற்றவரின் காதில் சொன்னது எனக்கே கேட்டது.

"எனக்குப் பந்து விளங்காது, மாஸ்ரர்" என்றேன்.

"அது பரவாயில்லை, பிள்ளை" என்றார். "விளங்கின ஆக்கள்தான் இவ்வளவு நேரமும் சண்டை பிடிச்சவை."

பிறகு என் கணவரைப் பார்த்துக் கேட்டார். "யோகன், உமக்கு ஏதும் ஆட்சேபனை?"

"எனக்கென்ன? நல்லது தானே" என்றார். ஒரு வடையை எடுத்தார். கூட்டம் முடியும்வரை அது அவர் கையிலேயே இருந்தது. கடிக்கவில்லை.

நான் மறுத்திருக்கலாம். மறுத்தால் கழகம் உடையும் என்று எல்லாருக்கும் தெரியும், அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. இருபது ஆண்கள் என் முகத்தைப் பார்த்து, நீ செய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"மனேச்சரைக் கேளும்"

அவர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் சமாளித்திருப்பேன். அவர் மரியாதையாக நடக்கத் தொடங்கினார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டால், "மனேச்சர் எப்பிடி நினைக்கிறாவோ அப்பிடி" என்பார். கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்டால், "மனேச்சரைக் கேளும்" என்று சுவருக்குச் சொல்வார். அந்த வெள்ளைச் சட்டையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டார். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. பதவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். கொடுத்தாலும் அது அவருக்குக் கிடைக்காது. சண்டைதான் மறுபடி தொடங்கும்.

அடுத்த வியாழன் பயிற்சிக்கு அவர் வரவில்லை. மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்தப் புழுதி மைதானத்தில் நான் கைப்பையோடு தனியே நின்றேன். யார் எங்கே நிற்பது என்று கேட்டேன். கேட்டவர்கள் எல்லாருமே முன்னுக்கு நிற்க வேண்டியவர்கள் தாங்கள்தான் என்றார்கள். வேறு வழியில்லாமல் மரியதாஸ் அண்ணையிடம் யோசனை கேட்டேன். அண்ணைக்கு வாயெல்லாம் பல். ஒரு செபம் சொல்லிவிட்டு ஆட்களைப் பிரித்துத் தந்தார்.

அன்று இரவு என் கணவர் குசினி மேசையில் பருப்புக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் அடுப்பைப் பார்த்தபடி சும்மா சொல்வதுபோலச் சொன்னேன்.

"சேவியரை இடப்பக்கம் விடச்சொல்லி மரியதாஸ் அண்ணை சொன்னவர்."

கல் பொறுக்குகிற சத்தம் நின்றது.

"ஆரை?"

"சேவியரை."

"இடப்பக்கமோ?"

"ஓம்."

"அவனுக்கு இடக்கால் எண்டு ஒண்டு இருக்கிறது அவனுக்கே தெரியாது, றெஜி! ஆர் இந்த மனிசனுக்குப் பந்து பழக்கினது? உம்மடை அண்ணரைக் கொண்டு போய்..."

மிச்சத்தை எழுத முடியாது. பருப்பை மேசையில் கொட்டினார். கோலில் ஒரு பருப்பு, அது அன்ரன். பின்னுக்கு நாலு, நடுவில், முன்னுக்கு என்று ஒவ்வொரு பருப்பையும் பேர் சொல்லி வைத்தார். இவன் வலக்காலன், இவன் மூச்சு வாங்குவான், இவனுக்குப் பக்கத்தில் இவன் நின்றால்தான் பயமில்லாமல் ஓடுவான். இத்தனை காலமும் வாங்கில் இருந்து சேர்த்து வைத்ததெல்லாம் மேசைக்கு வந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு முன்னால் இருந்து கேட்டேன். இவ்வளவு அழகாக அவர் எதையும் விளங்கப்படுத்தி நான் கேட்டதில்லை. கலியாணத்துக்கு முன் எழுதிய கடிதங்களில்கூட இல்லை.

எண்ணிப் பார்த்தேன். பதினொரு பருப்பும் வந்துவிட்டன.

"இதிலை நீங்கள் எங்கை?"

மேசையை ஒருமுறை பார்த்தார். "நான் ஏன்? நான் வெளியிலை" என்றார், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல. அந்தப் பருப்பைக் கலைத்து அடுப்பில் போட எனக்கு மனம் வரவில்லை. அன்று நாங்கள் பாணும் சம்பலும்தான் சாப்பிட்டோம்.

அதற்கடுத்த வியாழன் அவரும் மைதானத்துக்கு வந்தார். ஜேர்சி மூட்டையைத் தூக்க ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார். "மனேச்சர்" மட்டும் நிற்கவில்லை. மூட்டையை எங்கே வைக்கிறது மனேச்சர், தண்ணி குடிக்கலாமோ மனேச்சர் என்று முள்ளுக் குத்துவதுபோலக் குத்திக்கொண்டே இருந்தார். குத்தினாலும் வந்தாரே என்று இருந்தது எனக்கு.

அந்த ஞாயிறு

அந்த முறை சுற்றுப்போட்டி பலெர்மோவிலேயே நடந்தது. எங்கள் முதல் ஆட்டம் கத்தானியா அணியோடு. எல்லாருக்கும் நான்தான் சினியோராமாரிடம் லீவு எடுத்துக் கொடுத்தேன், ஒருவரைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை கடலுணவுக் கடையில் சனம் அலைமோதும். அப்படியிருந்தும் என் கணவர் அந்தப் பத்ரோனேயிடம் தன் அரைகுறை இத்தாலியனில் தானே போய்க் கேட்டு லீவு வாங்கி வந்தார். என்ன சொல்லிக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

மைதானக் கரையில் எங்கள் பெண்கள் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் யார் யாருடைய வீட்டிலோ கரண்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆண்களுக்கு நடுவே நான் மட்டும் கைப்பையோடு நின்றேன். கத்தானியா மனேச்சர் வந்து மரியதாஸ் அண்ணைக்குக் கை கொடுத்தார். அண்ணை தலையைச் சொறிந்துகொண்டு என்னைக் காட்டினார். அந்த மனிதர் என்னையும் கைப்பையையும் பார்த்துவிட்டு, "வணக்கம் அக்கா" என்றார்.

பருப்பில் வைத்தபடியே ஆட்கள் நின்றார்கள். எங்கள் பெடியள் அவ்வளவு ஒழுங்காக விளையாடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அவர்கள் ஒரு கோல் போட, நாங்களும் ஒன்று போட்டோம். இரண்டாம் பாதியில் சேவியர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். எழுப்பிப் பார்த்தார்கள். ஊன்ற முடியவில்லை.

வாங்கில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் ரொபின், ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத பத்தொன்பது வயதுப் பெடியன், மான்போல ஓடுவான். மற்றவர் என் கணவர்.

"ரொபின்! ரொபினை விடு, பிள்ளை!" என்று மன்னார்ப் பக்கமும் யாழ்ப்பாணப் பக்கமும் சேர்ந்து கத்தின. அது சரி என்று எனக்கும் தெரிந்தது. பந்து விளங்காதவளுக்கும் அது விளங்கும். ஆனால் பக்கத்தில் இருந்த மனிதர் ஏற்கெனவே எழும்பி நின்றுவிட்டார். மேலே போட்டிருந்த சுவெற்றரைக் கழற்றிவிட்டார். உள்ளே ஜேர்சி, மடிப்புக்கூடக் கலையவில்லை. கழகம் என்னை என்ன சொன்னாலும் சொல்லட்டும், இந்தப் பதவியால் எனக்கு ஒரு பிரயோசனம் உண்டென்றால் அது இதுதான் என்று நினைத்தேன்.

"நீங்கள் போங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். இவ்வளவு காலம் காத்திருந்த சொல் அவருக்குக் கிடைத்துவிட்டது. பிறகு அவர் மைதானத்தைப் பார்த்தார். நொண்டிக்கொண்டு வருகிற சேவியரைப் பார்த்தார். அவன் நின்ற பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்ற கத்தானியாக்காரனைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்லத் திரும்பவும் வாங்கில் இருந்தார்.

"இல்லை" என்றார். "அந்தப் பக்கம் அவங்கடை ஓட்டக்காரன் நிக்கிறான். எனக்குப் பிடிக்க ஏலாது. ரொபினை இறக்கும், மனேச்சர்."

அந்த மனேச்சரில் முள் இருக்கவில்லை.

ரொபினை இறக்கினேன். அந்த ஆட்டத்தில் நாங்கள் கடைசியில் தோற்றோம். அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அப்போது எனக்குக் கோலும் தெரியவில்லை, ஆட்டமும் தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர். "அழாதை, பிள்ளை, இன்னும் நேரம் கிடக்கு" என்று மரியதாஸ் அண்ணை தேற்றினார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

என் கணவர் என்னைக் கவனிக்கவில்லை. வாங்கில் இருந்தவர் எப்போது எழும்பினார் என்று தெரியாது. இரண்டு கையையும் வாயில் குவித்து, "ரொபின், உள்ளுக்கை வா! அவனை விடாதை, உள்ளுக்கை வா!" என்று கத்திக்கொண்டிருந்தார். கத்திக் கத்தி அவர் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே போய்விட்டார். மத்தியஸ்தர் விசில் ஊதி, வெளியே போகும்படி கை காட்டினார். அவர் அதைப் பார்க்கவே இல்லை.